படப் பொத்தகம் என்று பெட்டியைத் தூக்கியவர்களுக்கு



நீண்ட பதிவு. அவசரமுள்ளவர்கள் கடந்து போகலாம். ஆனால் வாசிக்காமல் கொமென்ட் மட்டும் போட வேண்டாம். கேள்வியை வாசிக்காமல் விடை எழுதுபவர்களை வகுப்பில் வருடக்கணக்காகப் பார்த்து அலுத்துவிட்டேன்.

சென்ற வாரம் நான் லீவில் நின்ற ஒரு நாள், என் வகுப்பறையின் பின்மூலையில் இருந்த பழைய மரப்பெட்டி ஒன்று அகற்றப்பட்டது. உள்ளே இருந்தவை கொமிக்ஸ் புத்தகங்கள். எல்லாம் என் சொந்தக் காசில், சில சின்ன வயதில் சேர்த்தவை, பல கொழும்பு நடைபாதைக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. "பிள்ளைகளைக் கெடுக்கும் படப் பொத்தகம்" என்று ஒரு பெற்றார் முறைப்பாடு கொடுத்தாராம். எந்தப் பாடசாலை, யார் அந்தப் பெற்றார், யார் தூக்கினார்கள் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். அடுத்த நாள் பெட்டி பத்திரமாக என்னிடம் தரப்பட்டது. "வீட்ட வெச்சிக்கொள்ளுங்க சேர், ஒங்களுக்கு நல்லதுக்குத்தான் செல்றம்" என்று மரியாதையாகவே சொன்னார்கள். எரித்திருந்தால்கூட கோபப்பட்டு முடித்திருப்பேன். இந்த மரியாதைதான் ஒரு வாரமாக நித்திரையைக் கெடுக்கிறது.

ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் ஒருவன் பாதிக் கதையில் நின்றான்.

தரம் 7. வாப்பா கட்டாரில், உம்மும்மாவோடு இருக்கிறான். தமிழ்ப் புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி வரும், தண்ணீர் குடிக்கப் போக வேண்டி வரும், சில நேரம் கொப்பி தொலைந்து போகும். ஏழு வருடம் பாடசாலைக்கு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதை மறைக்க அவன் கற்றுக்கொண்ட தந்திரங்களைப் பார்த்தால் அவன் மூளைசாலி என்று யாருக்கும் விளங்கும். மாரிகால மழை நாளொன்றில், விளையாட்டுப் பாடம் இல்லாத நேரத்தில், தானாகப் போய்ப் பெட்டியைத் திறந்தான். இரண்டு மூன்று வாரம் படம் மட்டும் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் பக்கத்தில் வந்து, "சேர், இது 'டு'வா 'டூ'வா?" என்றான். அவன் வகுப்பில் சத்தமாக வாசித்த முதல் சொல் "டுமீல்". வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். வாசிக்கும்போது அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு அவன் பிடித்துக்கொண்டது இரும்புக்கை மாயாவி. ஒவ்வொரு இடைவேளையிலும் நாலு பக்கம். பெட்டி போன அன்று ஏறத்தாழ முப்பதாம் பக்கத்தில் நின்றானாம். மறுநாள் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "சேர், மாயாவிக்கு என்ன நடந்த?"

முறைப்பாடு கொடுத்த சகோதரருக்கும் அதைக் கேட்டுத் தலையாட்டிய என் சக ஆசிரியர்களுக்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் அனுப்புகிறேன். பதில் சொல்லுங்கள்.

இனி என் கதை. நான் இந்தப் புத்தகங்களின் பிள்ளை. தொண்ணூறுகளின் தொடக்கம், ஆறு மணிக்கு முன்னமே கடைகள் பூட்டப்பட்டு ஊர் அடங்கிவிடும். எங்கள் தெருச் சலூனில் ராணி காமிக்ஸ் அடுக்கியிருக்கும். (அட்டையில் 'காமிக்ஸ்', எங்கள் வாயில் 'கொமிக்ஸ்'.) முடி வளராமலே முடி வெட்டப் போயிருக்கிறேன். மாயாவி என்ற பெயரில் வந்த முகமூடி வீரர் ஃபாண்டமை அங்கேதான் சந்தித்தேன். லீ ஃபால்க் 1936-இல் உருவாக்கிய பாத்திரம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: வெளியே இருட்டு, சத்தம், பயம், இந்த 60 பக்கத்துக்குள் நல்லவனுக்கு ஒன்றும் நடக்காது. ஒரு பத்து வயதுப் பையனுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை, அந்த நாட்களில் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சலூனிலிருந்து சிவகாசிக்காரர்களின் உலகத்துக்குப் போனேன். முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. லயன் காமிக்ஸ் 1984. மாயாவியின் கதை தெரியாதவர்களுக்கு: லூயிஸ் கிராண்டேல் என்பவர் ஆய்வுகூட உதவியாளர், விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்தியவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-இல் பிரித்தானியாவின் வேலியண்ட் இதழில் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் நல்லவரே அல்ல. கிடைத்த சக்தியைத் திருட்டுக்கும் பழிக்கும் பயன்படுத்திய மனிதர், பிறகுதான் திருந்தி நல்ல பக்கம் வருகிறார். லயனில் வந்த ஸ்பைடரும் அப்படியே: குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிக் குற்றவாளிகளின் எதிரியானவர். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல், அதாவது சுப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். எங்கள் சலூன் பெஞ்சுக்கும் சுப்பர்மேனுக்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான் என்று பல வருடம் கழித்து அறிந்தபோது, என் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி, பாண் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அந்தச் சீகலும் நண்பர் ஷஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளர்ந்த, புலம்பெயர்ந்து வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1938-இல் வெளிவந்த சுப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு விற்றார்கள். சுப்பர்மேன் யார்? பிறந்த மண் அழிந்து, பெற்றோரை இழந்து, அந்நிய ஊரில் வேறு பெயரோடு வளர்ந்தவர். பேட்மேனும் பெற்றோரை இழந்தவர். ஸ்பைடர்மேன் மாமா மாமியிடம் வளரும் பள்ளிக்கூடப் பையன், வீட்டு வாடகைக்கும் கஷ்டம். ஒரு திருடனைத் தடுக்க முடிந்தும் "எனக்கென்ன" என்று விட்டுவிடுகிறான், அதே திருடன் மாமாவைக் கொல்கிறான். மொத்தக் கதையும் அந்த ஒரு அலட்சியத்துக்கான பரிகாரம். நம்மட வகுப்பறைகளில் வாப்பாவை யுத்தத்தில் இழந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கடல் கொண்டு போன குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாப்பாவை வட்ஸ்அப்பில் மட்டும் காணும் பிள்ளைகள் பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். இந்தக் கதைகள் அவர்களுக்கு எங்கே போய்த் தொடும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

இனி உங்கள் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். ஆசிரியர் ஓய்வறையில் என் காதுபடவும் படாமலும் சொல்லப்பட்டவை.

"படம் இருக்கிற புத்தகம் படிப்பு இல்ல." நல்லது. கொமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு கட்டத்தில் மாயாவியின் கை மின்கம்பியை நோக்கிப் போகிறது. அடுத்த கட்டத்தில் இரும்புக் கை மட்டும் கதவைத் திறக்கிறது. இரண்டு கட்டத்துக்கும் இடையில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு. மின்சாரம் பாய்ந்தது, உடல் மறைந்தது, காவலாளி காணவில்லை, ஆள் உள்ளே புகுந்துவிட்டார் என்பதையெல்லாம் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் வைத்து நிரப்புவது வாசிக்கும் பிள்ளை. வினாத்தாளில் இதற்குப் பெயர் கிரகித்தல். அதற்குப் புள்ளி எடுக்க வைக்கத்தான் நாம் பிற்பகல் வகுப்பு வைக்கிறோம், பெற்றார் டியூசனுக்குக் காசு கட்டுகிறார்கள். பெட்டியிலிருந்து சும்மா கிடைத்தபோது கெட்டுப்போகிறது என்கிறீர்கள்.

விஞ்ஞான ஆசிரியர் நண்பர் கவனிக்க. உங்கள் ஒளியியல் பாடத்தில் கொட்டாவி விட்ட அதே வகுப்பு, "மாயாவி மறைந்தால் அவருக்குக் கண் தெரியுமா?" என்று என்னிடம் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தது. உடல் முழுக்க ஒளி ஊடுருவிப் போனால் விழித்திரையில் ஒளி எப்படித் தங்கும், தங்காவிட்டால் எப்படிப் பார்ப்பது? மறைந்த மனிதன் குருடனாகத்தானே இருக்க வேண்டும்? எச்.ஜி.வெல்ஸ் 1897-இல் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலை எழுதிய நாளிலிருந்து உலகம் கேட்கும் கேள்வியை, புள்ளி எடுக்காத ஒரு பின்வரிசை தானாகக் கண்டுபிடித்தது. நான் பதில் சொல்லவில்லை. தமிழ் வாத்தியாருக்கு அதில் என்ன வேலை, உங்களிடம் அனுப்பினேன். வந்தார்களா?

"இதெல்லாம் நடக்காத விசயம், பொய்க் கதை." இதை இந்த நாட்டில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். விஞ்ஞானப் புனைகதையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர் 1956-இல் இங்கே வந்து, 2008-இல் மரணிக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஆதர் சி. கிளார்க். நம்மட திருகோணமலைக் கடலில் சுழியோடியவர், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே கட்டுரை எழுதினார். அன்று அது "நடக்காத விசயம்". இன்று உங்கள் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் அன்டனா எதைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது? ஹஜ் நேரலையை நாம் பார்ப்பது எந்த வழியால்? 1979-இல் அவர் எழுதிய நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். எங்கிருந்து? சிவனொளிபாதமலையையும் சிகிரியாவையும் மனதில் வைத்து அவர் படைத்த, இலங்கையைப் போன்ற ஒரு தீவிலிருந்து. உலகம் எங்கள் மலையில் கால் வைத்து வானத்துக்கு ஏறுவதாக ஒருவர் கனவு கண்டார். அதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

2004 டிசம்பர் 26 என் பழைய பெட்டியைக் கடல் கொண்டு போனது. அதே அலை ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடல் நிலையத்தையும் அழித்தது. உயிர்கள் போன நாளில் புத்தகத்தைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது, இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மையித்துகள் அடக்கி முடிந்த சில வாரங்களின் பின் பனைமரத்தடியில் நனைந்து ஒட்டிய ஒரு கட்டுத் தாளைக் கண்டேன். என்னுடையதா, வேறு யாருடையதா தெரியவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் இரும்புக் கை தெரிந்தது. அதன் பிறகுதான் திரும்பச் சேர்க்கத் தொடங்கினேன். நீங்கள் தூக்கியது அந்தப் பெட்டி.

அடுத்தது மார்க்கம். இதில் நான் கவனமாகவே எழுதுகிறேன். நான் மௌலவி அல்ல, உருவப்படம் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்த்து வைக்க வரவில்லை. ஆனால் "அல்லாஹ் அல்லாத ஒருவருக்குச் சக்தி இருப்பதாகப் பிள்ளை நம்பிவிடும்" என்ற வாதத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் சுப்பர்மேனிடம் துஆக் கேட்ட ஒரு பிள்ளையையும் நான் காணவில்லை. கதை எது, அகீதா எது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது. சிறு வயது ஆயிஷா நாயகி (ரழி) விளையாடிய பொம்மைகளில் துணியால் சிறகு வைத்த ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று கேட்கப்பட்டபோது சுலைமான் நபியின் குதிரைகளைச் சொல்லிப் பதில் கொடுத்தார். நபியவர்கள் (ஸல்) கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அதிலிருந்து சட்டம் எடுப்பது ஆலிம்களின் வேலை. அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்ப்பது என் வேலை.

நம் பாரம்பரியம் வறண்டது என்று நினைப்பவர்கள் நம் பாரம்பரியத்தைப் படிக்காதவர்கள். என் உம்மும்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் படைப்போரிலும் நூறு மசலாவிலும் சைத்தூன் கிஸ்ஸாவிலும் பாதி மனப்பாடம். வாளேந்திப் படை நடத்தும் பெண்ணின் கதையை அரிக்கன்லாம்பு வெளிச்சத்தில் ராகத்தோடு சொல்லுவார், தெருவே வந்து குந்தியிருக்கும். அக்பர் காலத்தில் அமீர் ஹம்ஸாவின் சாகசங்களுக்கு ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பூதமும் அரக்கனும் பறக்கும் உயிரும் நிறைந்த கதை அது. அல்-ஜஸரி 1206-இல் முடித்த தன் இயந்திர நூலில், அரசர் வுழூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் ஒரு பொம்மை மனிதனை வர்ணப் படத்தோடு விளக்கியிருக்கிறார். எண்ணூறு வருடத்துக்கு முன்னமே வுழூவுக்கு ரோபோ! இந்தப் பரம்பரையில் வந்தவர்கள் படக்கதையைக் கண்டு பயப்படுகிறோம்.

பகிடி என்னவென்றால், எர்துகுருல் தொடர் ஓடிய நாட்களில் இஷாவுக்குப் பிறகு நம்மட ஊரில் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே ஆள் ஒரே வாளோடு நாற்பது பேரை வெட்டிப் போட்டுக் காயமில்லாமல் குதிரை ஏறுவார். அது வரலாறு, அது ஈமானைக் கூட்டும்! தலைப்பாகைக்குப் பதிலாக முகமூடி போட்டால் மட்டும் பொய்க் கதை.

நான் கண்ணை மூடிய ரசிகன் அல்ல. இந்தப் புத்தகங்களில் அழுக்கு இருக்கிறது. ஃபாண்டம் கதை என்ன? காட்டு மக்கள் எல்லோரும் ஒரு வெள்ளைக்காரப் பரம்பரைக்குக் கைகட்டி நிற்பது. தாடியும் தலைப்பாகையும் வந்தால் வில்லன்தான் என்று எத்தனை பக்கங்களில் பார்த்திருக்கிறேன். வளர்ந்தவர்களுக்கான கொமிக்ஸ் உண்டு, அவற்றைப் பெட்டியில் போட மாட்டேன். ஒவ்வொன்றையும் நான் வாசித்த பிறகுதான் உள்ளே வைத்தேன். ஃபாண்டமை வைத்தே "ஏன் இந்தக் காட்டில் தலைவர் காட்டுக்காரர் இல்லை?" என்று கேட்டு ஒரு பாடவேளை முழுக்கக் கதைத்திருக்கிறோம். பாடப்புத்தகத்தை வைத்து அப்படிக் கேட்கும் துணிவு எங்களில் யாருக்கு வந்திருக்கிறது?

வில்லனாக மட்டும் வரைந்தார்களே என்று புலம்பியதோடு நிற்காத முஸ்லிம்களும் இருக்கிறார்கள். 2006-இல் குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிஃப் அல்-முத்தவ்வா 'தி 99' என்று முஸ்லிம் நாயகர்களின் கொமிக்ஸைத் தொடங்கினார். அதற்கும் நம்மவர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது, அது தனிக் கதை. 2014-இல் மார்வெல் நிறுவனம் மிஸ் மார்வெல் என்ற பெயரை கமலா கானுக்குக் கொடுத்தது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிவாசலுக்குப் போவாள், வாப்பாவுக்குப் பயப்படுவாள், கொமிக்ஸ் பைத்தியம். எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய ஜி. வில்லோ வில்சன், உருவாக்கத்தில் முக்கிய பங்கு சனா அமானத் என்ற முஸ்லிம் பெண்ணுக்கு. அது அடுத்த வருடம் ஹியூகோ விருதை வென்றது. சனாவும் ஒரு காலத்தில் கொமிக்ஸ் வாசித்த சின்னப் பிள்ளைதான். அவர் பெட்டியை யாரும் தூக்கவில்லை போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் முறைப்பாட்டுக்காரச் சகோதரரிடம் அன்போடு சொல்கிறேன். நீங்கள் செய்தது புதிதல்ல. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் பாடசாலைகளும் தேவாலயங்களும் பிள்ளைகளைக் கொண்டே கொமிக்ஸைக் குவித்து எரிக்க வைத்தன. 1954-இல் ஃப்ரெட்ரிக் வேர்தாம் என்ற மனநல மருத்துவர், கொமிக்ஸ்தான் பிள்ளைகளைக் குற்றவாளியாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். செனட் விசாரணை நடந்தது, பதிப்பகங்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே கடும் தணிக்கை விதித்துக்கொண்டன. வேர்தாம் கெட்ட மனிதர் அல்ல. ஹார்லமில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மலிவுக் கட்டணத்தில் சிகிச்சை நிலையம் நடத்தியவர். பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை. ஆனால் 2012-இல் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய பழைய குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிள்ளைகள் சொன்னதை அவர் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தது வெளிவந்தது. முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனவர் அவர். நீங்கள் பிள்ளைகளிடம் போகவே இல்லை.

நீங்கள் தூக்கிய பெட்டியின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று வந்து பாருங்கள். தூசி. இடைவேளைக்குப் பிள்ளைகள் எங்கே? மதிலுக்குப் பின்னால், ஒளித்துக் கொண்டுவந்த ஒரே ஃபோனைச் சுற்றி எட்டுத் தலை. டிக்டொக் ஓடுகிறது. அதில் ஓடுவதை நான் இங்கே எழுத முடியாது. அதற்கு முறைப்பாடு வரவில்லை, ஏனென்றால் அந்த ஃபோனை வாங்கிக் கொடுத்தவர் வாப்பா.

என் தரப்பிலிருந்து மூன்று பேருக்கு மூன்று வேண்டுகோள். நிருவாகத்துக்கு: முறைப்பாடு எழுத்தில் இருந்தால் எனக்கு ஒரு பிரதி தாருங்கள், பதில் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு குழு வாசித்துப் பார்க்கட்டும், கூடாது என்று சொல்வதை நானே எடுத்துவிடுகிறேன். ஆனால் வாசித்த பிறகு சொல்ல வேண்டும். சகோதரருக்கு: ஒரு நாள் அசருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள், பிளேன்டீ குடித்துக்கொண்டு இரும்புக்கை மாயாவி ஒன்றை முழுதாக வாசியுங்கள். உங்கள் மகனையும் கூட்டி வாருங்கள். அவன் ஏற்கனவே பதினொன்று வாசித்துவிட்டான், அவனுக்கு எது நல்லது என்று தெரியும்.

மூன்றாவது அந்தத் தரம் 7 பையனுக்கு. அவன் முகநூலில் இல்லை, அவனைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள். பெட்டி என் வீட்டு விறாந்தையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அசர் தொடக்கம் மஃரிப் பாங்கு வரைக்கும் திறந்திருக்கும். யாரும் வரலாம். மாயாவிக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவன் விட்ட பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்திருக்கிறேன்.

பழைய ராணி, முத்து, லயன் இதழ்கள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் கடதாசிக் கடைக்குக் கொடுக்காமல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.